சர்வதேசச் சட்டம் பயில்வார்க்கு ஏற்ற நூல் எது?

சட்டம் பயிலும் மாணாக்கர் பலரும், அரசியலும் சரித்திரமும் பயில்வாருட் சிலரும், சர்வதேசச் சட்டத்தைத் தொடங்குங் காலத்தில் ஆசிரியரை முதன்முதற் கேட்கும் வினா, "இதற்கு ஒரே நூலாக எதனை வாங்கலாம்?" என்பதே. பொருள் முழுவதையும் தழுவியதாயும், ஓராண்டிற்குள் வாசித்து முடிக்கத் தக்கதாயும், விலையால் அச்சுறுத்தாததாயும் ஒரு நூல் வேண்டும் என்பது அவர் கருத்து. வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. ஒரு நூலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுதல் கூடும். ஆயினும், பிற சட்டப் பகுதிகளில் நூல் தேர்வது வேறு, இப்பகுதியில் நூல் தேர்வது வேறு என்பதனை உணராதார்க்கு அவ்விடையால் விளையும் பயன் சிறிதே. ஆதலின் அவ்வேறுபாட்டையே முதற்கண் விளக்கப் புகுகின்றோம்.

ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவன் ஒருவன் பிழை மலிந்த பாடநூல் ஒன்றை வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு நேரும் தீங்கு பெரிதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்து நூலின் பிழையை அவனே திருத்திக்கொள்ளலாம். சட்டம் ஓரிடத்தில் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. பாடநூல் அதனைக் காட்டும் கைவிளக்கு மாத்திரமே. சர்வதேசச் சட்டத்திற்கோ அத்தகைய ஓரிடம் இல்லை. நாடுகள் அனைத்திற்கும் சட்டம் இயற்றும் மன்றம் உலகில் இல்லை. உடன்படிக்கைகள் அவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகளையே கட்டுப்படுத்தும். உடன்படிக்கைகளைப் பற்றியே வகுத்த 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் நம் இந்தியா சேரவில்லை. எனினும் அதில் அடங்கிய விதிகளிற் பெரும்பாலன வழக்காறு என்னும் முறையால் நம்மையும் கட்டும் என்பர். வழக்காறாவது, நாடுகள் பொதுவாக ஒழுகிவருவதும், கடமையென்று கருதியே ஒழுகிவருவதுமாகிய நெறி. அந்நெறி இன்னதென்று எவ்வேட்டில் எழுதியிருக்கின்றது? தூதர்களின் கடிதங்களிலும், அரசாங்க அறிக்கைகளிலும், பல நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அது சிதறிக் கிடக்கின்றது. அவற்றைத் தேடித் திரட்டி, எடைபோட்டு, 'இது வழக்காறாயிற்று', 'இஃது இன்னும் ஆகவில்லை' என்று மாணவனுக்குச் சொல்பவர் நூலாசிரியரே. எனவே, இத்துறையில் நூல் என்பது விளக்கு மாத்திரம் அன்று, சாட்சியும் ஆகும்.

இதனை யாம் மிகைபடக் கூறவில்லை. 1945-இல் ஏற்பட்ட சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்பு விதிகளுள் 38-ஆம் விதி, அம்மன்றம் எவற்றைக் கொண்டு வழக்குகளைத் தீர்த்தல் வேண்டும் என்று வகுக்கின்றது. உடன்படிக்கை, வழக்காறு, பொதுவான சட்டக் கொள்கைகள் என்னும் மூன்றையும் முன்னர்க் கூறிப் பின்னர், சட்டம் இன்னதென்று துணிதற்குரிய துணைக் கருவிகளாக நீதிமன்றத் தீர்ப்புகளையும், பல நாட்டுத் தலைசிறந்த நூலாசிரியர்களின் போதனைகளையும் அவ்விதி சேர்த்துரைக்கின்றது. பாடநூல் எழுதுவார்க்கு இங்ஙனம் எழுத்து வடிவில் இடம் அளிக்கும் சட்டம் அரிது. அம்மன்றம் தன் தீர்ப்புகளில் ஆசிரியர் பெயரை எடுத்தோதுவது அருமையே. ஆயினும் அதன்முன் வழக்குரைப்போரும், தனிக்கருத்து எழுதும் நீதிபதிகளும் ஓயாது நூல்களை எடுத்தாள்வதனை அவற்றைப் படிப்போர் காணலாம்.

நூல்களின் சாட்சியத்தால் ஒரு வழக்கு எவ்வாறு வென்றது என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1898-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. அவ்வமயம் கியூபாவின் ஹவானா நகரைச் சேர்ந்த இரண்டு மீன்பிடி படகுகள், போர் மூண்ட செய்தியே அறியாமல், உயிர்மீன்களை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பின. பாக்கேத்தே ஹவானா என்பது ஒன்றன் பெயர். அதில் இருந்தவர் மூவர். லோலா என்பது மற்றொன்று, அதில் அறுவர். ஆயுதம் ஒன்றும் இல்லை. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டுபோக, இரண்டும் பகைவர் பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டன. உடையவர்கள் வழக்காடினார்கள். 1900-ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், கரையோரம் மீன்பிடித்துப் பிழைக்கும் ஏழையரின் படகைப் போர்க்காலத்திலும் கைப்பற்றலாகாது என்பது நாடுகளின் வழக்காறு என்று கூறி, விற்ற பணத்தை நஷ்டஈட்டோடு திருப்பிக் கொடுக்குமாறு தீர்த்தது. அமெரிக்கச் சட்டசபை இயற்றிய சட்டம் ஒன்றும் அவ்வாறு விதிக்கவில்லை. உடன்படிக்கையும் இல்லை. நீதிபதி கிரே என்பார், 1403-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி இட்ட ஆணை முதலாகத் தொடங்கி, பல நாடுகளின் நடையையும், பிரெஞ்சு, ஜெர்மானிய, ஆங்கில, ஸ்பானிய, இத்தாலிய ஆசிரியர்களின் நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியே அம்முடிவிற்கு வந்தார். சட்டம் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் ஆசிரியர்களின் விருப்பத்தை அறிதற்கன்று, சட்டம் உண்மையில் இவ்வாறு இருக்கின்றது என்பதற்குச் சான்று பெறுதற்கே நூல்களை நாடுகின்றோம் என்றும் அவர் தெளிவுபடுத்தினார். நூல் தேர்வார் அனைவரும் மனத்திற் கொள்ளத்தக்க வேறுபாடு இது.

அத்தீர்ப்பில் இன்னும் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படுவன. ஒன்று, 1798-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற நீதிபதி ஸ்டோவல் பிரபு, மீன்பிடி படகுகளை விட்டுவிடுவது தயையே அன்றிச் சட்டம் அன்று என்று தீர்த்திருந்தார். அதன்பின் கழிந்த நூறாண்டிலே தயையாய் இருந்தது சட்டமாய் முதிர்ந்துவிட்டது என்றார் கிரே. பழம்பதிப்பை மட்டும் கையிற் பிடித்திருந்தவன் அவ்வழக்கில் தோற்றிருப்பான். மற்றொன்று, பிற நாடுகளின் நடையைச் சொல்லிவருகையில், 1894-இல் ஜப்பான் இட்ட ஆணையையும் கிரே குறிப்பிட்டார். குறிப்பிடுங்கால் அந்நாட்டை, நாகரிக நாடுகளின் வரிசையிற் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்று அடைமொழி கொடுத்தே குறிப்பிட்டார். நீதி வழங்கிய அத்தீர்ப்பிலேயே, உலக நாடுகளுட் சில சட்டத்திற்கு உள்ளேயும் பல அதன் வாயிலுக்கு வெளியேயும் நின்ற நிலை ஒரு தொடரால் வெளிப்பட்டுவிடுகின்றது.

வாயிலுக்கு வெளியே நின்றோர் ஒரு பாடநூலை எப்படிக் கையாண்டார் என்பதும் அறியத்தக்கது. ஹென்றி வீட்டன் என்னும் அமெரிக்கர் 1836-இல் சர்வதேசச் சட்டத்தின் மூலக்கூறுகளைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். அதனைச் சீன மொழியிற் பெயர்த்தவர் மார்ட்டின் என்னும் பிரெஸ்பிடேரியன் மிஷனரி. 1864-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பிரஷ்யாவும் டென்மார்க்கும் போர் புரிந்துகொண்டிருந்தன. அச்சமயத்தில் பிரஷ்யப் போர்க்கப்பல் ஒன்று சீனக் கரைக்கு அருகே நின்ற டேனிஷ் வணிகக் கப்பல்கள் மூன்றைப் பிடித்தது. சீன அரசாங்கத்தின் வெளிநாட்டு அலுவல்களுக்குத் தலைவராய் இருந்த குங் இளவரசர், கரையை அடுத்த நீர்ப்பரப்பு அக்கரையை ஆளும் அரசிற்கு உரியது, அங்கே பிறர் போர்ச்செயல் புரிதல் ஆகாது என்று வாதித்தார். வாதம் வீட்டனின் நூலிலிருந்து பெற்றது. பிரஷ்யத் தூதர் மறுத்துரைக்க வழியின்றிக் கப்பல்களை விடுவித்து ஈடும் கொடுத்தார். அதன்பின்னரே அம்மொழிபெயர்ப்பு அரசாங்க உதவியால் அச்சேறி, 300 பிரதிகள் மாகாண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே ஜப்பானியரும் அதனைத் தம் நாட்டில் மறுபதிப்புச் செய்துகொண்டனர். வீட்டன் தம் வாழ்நாளில் டென்மார்க்கு, பிரஷ்யா ஆகிய இரு நாடுகளிலும் அமெரிக்கத் தூதராய் இருந்தவர் என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஆனால் அதே நூல் நாடுகளின் சட்டத்தைப் பெரும்பாலும் ஐரோப்பியக் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அவற்றினின்று தோன்றிய நாடுகளுக்கும் உரியதாகவே கண்டது. மூன்று கப்பல்களை விடுவிக்க உதவிய அந்நூல், சீனர்மேல் சுமத்தப்பட்டிருந்த ஏற்றத்தாழ்வான உடன்படிக்கைகளை நீக்க உதவவில்லை. சீன மண்ணிற் குற்றம் புரிந்த அந்நியரைச் சீன நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்னும் உரிமையை இங்கிலாந்தும் அமெரிக்காவும் கைவிட்டது 1943-ஆம் ஆண்டிலேயே. சாட்சி உண்மையே சொன்னான்; தனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொன்னான். நூல் தேரும் மாணவன் தன் சாட்சி எப்பக்கத்தில் நின்று பேசுகின்றான் என்பதனையும் கேட்டறிதல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துவது இதனாலே.

இனி, 'முழுதுந் தழுவிய நூல்' என்பதன் பொருளை ஆராய்வோம். பக்கங்கள் மிகுந்ததே முழுநூல் என்று எண்ணுவார் பலர். அஃதன்று. ஒரு வழக்கு வந்துற்றால், அதன் எல்லாக் கூறுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க இடந்தருவதே முழுநூல். நம் கடலில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் நாள், கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கடல்மைல் தொலைவில், செயின்ட் அந்தோணி என்னும் மீன்பிடி படகை நோக்கி, இத்தாலியக் கொடியுடைய என்ரிக்கா லெக்ஸி என்ற எண்ணெய்க் கப்பலிற் காவலிருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டனர். படகில் இருந்த பதினொருவரில் இருவர் மாண்டனர். அவருள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். இவ்வழக்கு எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது?

பன்னிரண்டு கடல்மைல் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்ததால் கடற்சட்டத்தைச் சேர்ந்தது. கேரள அரசு விசாரிக்கலாமா, இந்திய அரசு விசாரிக்கலாமா, இத்தாலியே விசாரிக்கவேண்டுமா என்பதனால் நீதியதிகாரம் பற்றிய அத்தியாயத்தைச் சேர்ந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்திற்கு அவ்வதிகாரம் இல்லை என்று கூறியது. அதனால் உள்நாட்டுச் சட்டத்திற்கும் சர்வதேசச் சட்டத்திற்கும் உள்ள தொடர்பையும் அறிதல் வேண்டும். சுட்டவர்கள் ஓர் அரசின் படைவீரர் ஆதலின், அரசின் பணியாளர்க்குரிய விலக்குரிமையை ஆராய்தல் வேண்டும். இரு நாடுகளும் 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையைச் சேர்ந்தவை ஆதலின், அதன்படி அமைந்த நடுவர் மன்றத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அந்நடுவர் மன்றம் 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐவருள் மூவர் கருத்தின்படி, அவ்வீரர்களை இந்திய நீதிமன்றங்கள் குற்றவிசாரணை செய்தல் ஆகாது என்றும், ஆனால் இந்தியாவின் கடற்செலவு உரிமையை இத்தாலி மீறியதனால் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. அதனால் அரசுகளின் பொறுப்பு என்னும் அத்தியாயமும் வேண்டும். பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பின்னர் 2021-ஆம் ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. ஆறு அத்தியாயங்கள் ஒரே படகிற்குள் அடங்கிவிட்டன. கடற்சட்டத்தைத் தனிநூலாகவும், தூதர் சட்டத்தைத் தனிநூலாகவும் கற்றவன் இவற்றை ஒன்றுசேர்க்க இயலாமல் திகைப்பான். தொடக்கத்தில் ஒரே பெருநூலைக் கற்க வேண்டுவதன் காரணம் இதுவே.

அத்தகைய பெருநூல்கள் யாவை? ஒன்று சொல்லிவைத்தல் நலம்: இவற்றுட் பல 'சர்வதேசச் சட்டம்' என்னும் ஒரே பெயரை உடையன. ஆதலின் இத்துறையார் நூலைப் பெயரால் அழையாமல் ஆசிரியரின் பெயராலேயே அழைப்பர். புத்தகக் கடையில் நூற்பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவனுக்கு எதுவும் கிடைக்கலாம்.

முன்னோடியாய் நிற்பது ஓப்பன்ஹைம். ஜெர்மனியிற் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிக் கேம்பிரிட்ஜில் பேராசிரியராய் விளங்கிய இவர், சமாதானத்தைப் பற்றிய முதற் பாகத்தை 1905-இலும், போரும் நடுநிலைமையும் பற்றிய இரண்டாம் பாகத்தை 1906-இலும் வெளியிட்டார். அவர் 1919-இல் இறந்த பின்னரும் பிறர் அதனைப் புதுக்கிவந்தனர். முதற் பாகத்தின் ஒன்பதாம் பதிப்பு ஜென்னிங்ஸ், வாட்ஸ் என்பாரால் 1992-இல் வெளிவந்தது. வழக்குரைஞரும் அரசாங்க ஆலோசகரும் இன்றும் இதனைப் புரட்டுகின்றனர். ஆயினும் மாணவனுக்கு இது தொடக்கநூல் ஆகாது. ஒரு செய்தியைத் தேடிக் காண்பதற்கு அமைந்த களஞ்சியம் அது. களஞ்சியத்தை முதற்பக்கம் தொடங்கி வாசிப்பார் இலர்.

இதற்கு நேர்மாறானது பிரையர்லி 1928-இல் இயற்றிய 'நாடுகளின் சட்டம்'. சிறிய நூல், தெளிந்த நடை, சட்டம் என்பது ஏன் நாடுகளைக் கட்டுகின்றது என்னும் அடிப்படை வினாவை மழுப்பாமல் எதிர்கொள்வது. 2012-இல் கிளாப்பம் என்பார் இதனை ஏழாம் பதிப்பாகப் புதுக்கியுள்ளார். முழுதுந் தழுவியது என்று இதனைச் சொல்ல இயலாது. ஆனால் பெருநூலைத் தொடுமுன் இரண்டு வாரங்களில் இதனை வாசித்து முடிப்பவன், பின்னர்ப் பெருநூலில் வழிதப்பமாட்டான் என்பது எம் துணிபு. ஸ்டார்க் என்னும் ஆஸ்திரேலியர் 1947-இல் எழுதிய முன்னுரை நூலும் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருவதே. அதன் பதினோராம் பதிப்பு 1994-ஆம் ஆண்டினது. வகுப்புமுறை நன்று, காலம் பழையது.

பெருநூல்களுள் இன்று பெரும்பாலும் எதிரெதிரே நிறுத்திப் பேசப்படுவன இரண்டு. ஒன்று, பிரௌன்லி 1966-இல் முதலில் வெளியிட்ட நூல். அதன் எட்டாம் பதிப்பையும், 2019-இல் வந்த ஒன்பதாம் பதிப்பையும் புதுக்கியவர், சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாய் அமர்ந்து 2021-இல் மறைந்த கிராஃபர்டு. மற்றொன்று, மால்கம் ஷா 1977-இல் தொடங்கி ஒன்பது பதிப்புகளாய் வளர்த்த நூல். ஒன்பதாம் பதிப்பு 2021-இல் வந்தது. ஷாவின் நூல் ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்டது. வரலாற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பொருளையும் மாணவனின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுபோல் விரித்துரைக்கும். வழக்கின் நிகழ்ச்சியையும் கூறி, தீர்ப்பையும் கூறி, அதன்பின் வந்த மாறுதலையும் கூறும். தனியே வீட்டிலிருந்து கற்பவனுக்கு இதனினும் ஏற்ற தோழன் இல்லை. பிரௌன்லி-கிராஃபர்டு நூலோ சுருங்கச் சொல்வது. ஒரு வரியில் ஒரு வாதம் அடங்கியிருக்கும். அடிக்குறிப்பில் அதற்கு எதிர்வாதம் மறைந்திருக்கும். இருவருமே உலக நீதிமன்றத்தில் வழக்காடிய அனுபவம் உடையவர். அவ்வனுபவம் எழுத்திற் புலப்படும். முதன்முறை வாசிப்பவன் இதனைக் கடினம் என்பான். இரண்டாம் முறை வாசிப்பவன் இதனையே விடமாட்டான்.

ஒருவர் எழுதாமல் ஒவ்வோர் அத்தியாயத்தையும் அதில் வல்லார் ஒருவர் எழுதுமாறு எவன்ஸ் என்பார் தொகுத்த நூல் 2003-இல் முதலில் வந்தது. ஆழம் உண்டு, ஆனால் ஒரே குரல் இல்லாமையால், ஓர் அத்தியாயத்தில் மறுக்கப்பட்டது மற்றோர் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதைக் கண்டு புதியவன் மயங்குவான். அம்மயக்கமே நல்லது என்று கருதும் ஆசிரியரும் உளர். நம் நாட்டுச் சட்டக் கலாசாலைகளிற் பெரிதும் வழங்கும் கபூர், அகர்வால் ஆகியோரின் நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய நீதிமன்றங்கள் சர்வதேசச் சட்டத்தை எவ்வாறு கையாண்டன என்பதனைப் பெருநூல்களில் தேடி அலுத்தவனுக்கு இவை உதவும். பாடத்திட்டத்தோடு ஒட்டிச் செல்வதால் தேர்விற்கும் உதவும். இவற்றை மட்டும் வாசித்து முடித்தவன், மூலத் தீர்ப்பு ஒன்றையேனும் திறந்து பாராமல் பட்டம் பெற்றுவிடுதல் கூடும் என்பதே எமக்குள்ள அச்சம்.

பதிப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அட்டையில் உள்ள பெயர் ஒன்றாயிருப்பினும் உள்ளிருக்கும் கருத்து ஒன்றாயிராது. 1905-ஆம் ஆண்டின் ஓப்பன்ஹைம், நாடுகள் மாத்திரமே சர்வதேசச் சட்டத்திற்கு உரியவர், தனிமனிதர் அதில் இடம்பெறார் என்று ஐயமறக் கூறினார். பின்னர் அந்நூலைப் பல பதிப்புகளாகப் புதுக்கியவர் லாட்டர்பாக்ட். மனித உரிமைக்காக வாழ்நாள் முழுதும் எழுதியவர். 1955-இல் அவர் வெளியிட்ட எட்டாம் பதிப்பில் அக்கோட்பாடு தளர்ந்து, தனிமனிதரும் நேரே உரிமையும் கடமையும் பெறலாம் என்று மாறியிருப்பதைக் காணலாம். இடையே நிகழ்ந்தவை நூரெம்பர்க் விசாரணையும், 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனமும். எனவே, 'ஓப்பன்ஹைம் கூறுகின்றார்' என்று கட்டுரையில் எழுதும் மாணவன், எந்த ஓப்பன்ஹைம் என்று பதிப்பையும் ஆண்டையும் சேர்த்தெழுதக் கடமைப்பட்டவன். மிகப் புதிய பதிப்பும் காலத்தை முழுதும் எட்டிப் பிடிப்பதில்லை. பருவநிலை மாறுதல் பற்றி நாடுகளுக்குள்ள கடமைகளைக் குறித்துச் சர்வதேச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் வழங்கிய ஆலோசனைக் கருத்து, மேற்சொன்ன கிராஃபர்டிலும் ஷாவிலும் எங்ஙனம் இருத்தல் கூடும்? அடிப்படைக் கோட்பாடுகளுக்கு முந்திய பதிப்புப் போதும்; சுற்றுச்சூழல், கடல், போர்க்குற்றம் ஆகிய அத்தியாயங்களுக்குப் போதாது. பழைய பதிப்பைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் இவ்வளவே நினைவிற்கொண்டால் அமையும்.

சாட்சி எப்பக்கத்தில் நின்று பேசுகின்றான் என்பதனை அறிய யாம் கையாளும் சோதனை ஒன்று உண்டு. புதிய நூல் எது கைக்கு வரினும், நிலப்பரப்பின்மேல் உரிமை பெறுதல் என்னும் அத்தியாயத்தை முதலில் திறந்து பார்ப்போம். அங்கே 1928-ஆம் ஆண்டின் பால்மாஸ் தீவு வழக்கு இருந்தே தீரும். அமெரிக்காவும் ஹாலந்தும் ஒரு சிறு தீவிற்காக வாதிட, நடுவர் ஹூபர் தீவை ஹாலந்திற்குத் தீர்த்தார். கண்டுபிடித்தல் மட்டும் உரிமை ஆகாது, இடையறாது அமைதியாய் ஆளுதலே உரிமை தரும் என்பதனை எல்லா நூல்களும் கூறும். ஆனால் டச்சுக் கம்பெனி அங்குள்ள சுதேச மன்னர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், நாடுகளுக்கிடையே நிகழும் உடன்படிக்கைகள் ஆகா என்று ஹூபர் கூறியதனை எத்தனை நூல்கள் நிறுத்தி ஆராய்கின்றன? மக்கள் வாழ்ந்து தமக்கென அமைப்பும் உடைய நிலத்தை உடையவரற்ற நிலம் எனலாகாது என்று 1975-இல் மேற்குச் சஹாரா பற்றிச் சர்வதேச நீதிமன்றம் கூறியதனை அதனோடு இணைத்துக் காட்டுகின்றனவா? 38-ஆம் விதியிலே பொதுவான சட்டக் கொள்கைகளைக் கூறுமிடத்தில், 'நாகரிக நாடுகள்' ஏற்றுக்கொண்டவை என்னும் தொடர் இன்றும் நீங்காதிருக்கின்றது. அதனைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்கின்றாரா, நின்று ஒரு வார்த்தை சொல்கின்றாரா? ஒரு மணிநேரத்தில் இச்சோதனை முடிந்துவிடும். மதிப்புரைகள் பத்தைப் படிப்பதனினும் இதனால் அறிவது மிகுதி.

இவ்விடத்தில் நம் சென்னைக்கு உரிய ஒரு செய்தியைக் கூறாமல் விடுவது தகாது. சுதேச மன்னரின் ஒப்பந்தங்கள் உடன்படிக்கை ஆகா என்னும் கொள்கையை வேரோடு அசைத்த ஆராய்ச்சி, 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலே சர்வதேசச் சட்டப் பேராசிரியராய் இருந்த அலெக்ஸாந்த்ரோவிச் என்பாருடையது. சர்வதேச விவகாரங்களுக்கென்று 1952-இல் இங்கே ஓர் ஆண்டுமலரையும் அவர் தோற்றுவித்தார். கீழ்த்திசை நாடுகளில் நாடுகளின் சட்டம் வழங்கிய வரலாற்றைப் பற்றி 1967-இல் அவர் வெளியிட்ட நூல், பதினாறு முதற் பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆசிய அரசர்களைச் சமமான இறைமையுடையோராக மதித்தே உடன்படிக்கை செய்தனர் என்றும், அவ்வரசர்களைச் சட்டத்திற்குப் புறம்பாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோட்பாடே என்றும் காட்டுகின்றது. ஆர். பி. ஆனந்த் 1972-இல் புதிய நாடுகளைப் பற்றி எழுதிய நூலும், இலங்கையிற் பிறந்த அந்தோணி ஆங்கி, ஏகாதிபத்தியத்திற்கும் சர்வதேசச் சட்டத்திற்கும் உள்ள உறவைப் பற்றி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலும், சிம்னி 1993-இல் எழுதி 2017-இல் விரித்த நூலும் இவ்வழியில் மேலும் சென்றவை. இவை பாடநூல்கள் அல்ல. பாடநூலுக்கு மாற்றாகவும் ஆகா. விலக்குரிமையைப் பற்றியோ அரசுகளின் பொறுப்பைப் பற்றியோ விதி யாது என்று கேட்பவனுக்கு இவை விடைதரமாட்டா. பாடநூலின் அருகில் வைத்துப் படிக்கவேண்டியவை இவை. விதி அறியாமல் குறைகூறக் கற்றுக்கொண்ட மாணவரையும் யாம் கண்டிருக்கின்றோம். குறைகூறத் தெரியாமல் விதியை மனப்பாடம் செய்தவரினும் அவர் நிலை மேலானதன்று.

முடிவாக எமது விடை இது. பெருநூல் எதுவும் தொடாதவர் பிரையர்லியின் ஏழாம் பதிப்பை முதலில் வாசிக்க. பின்னர் ஒரே நூல் வாங்க வல்லவர் ஷாவை வாங்குக. ஆசிரியர் ஒருவரோடு கூடியிருந்து கற்கும் வாய்ப்புடையவரும், மேற்படிப்பையோ வழக்காடலையோ கருதுபவரும் பிரௌன்லி-கிராஃபர்டை வாங்குக. எந்நூலை வாங்கினும் அதனோடு ஐக்கிய நாடுகளின் சாசனம், 38-ஆம் விதி அடங்கிய அமைப்பு விதிகள், வியன்னா உடன்படிக்கை, கடற்சட்ட உடன்படிக்கை ஆகியவற்றின் மூலத்தைக் கையருகே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இவையும் சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

மூலத் தீர்ப்பு ஒன்றை முதன்முதல் வாசிப்பதாயின், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் போர்த்துகலுக்கும் இந்தியாவுக்கும் இடையே தீர்க்கப்பட்ட வழியுரிமை வழக்கை எடுத்துக்கொள்க. தாத்ரா, நகர்ஹவேலி என்னும் உள்நாட்டுத் துண்டுகளுக்கு இந்திய நிலத்தின் வழியே செல்லும் உரிமை தனக்கு உண்டென்று போர்த்துகல் வாதித்தது. 1779-இல் மராட்டியரோடு ஏற்பட்ட உடன்படிக்கையையும் அது காட்டியது. இரு நாடுகளுக்குள் மட்டும் வழங்கும் வழக்காறும் உண்டு என்று ஒப்புக்கொண்ட மன்றம், தனிமனிதர்க்கும் குடிமை அதிகாரிகளுக்கும் சரக்குகளுக்கும் வழியுரிமை இருந்தது, படைக்கும் போலீஸுக்கும் ஆயுதத்திற்கும் இருந்ததில்லை, இந்தியா தன் கடமையை மீறவும் இல்லை என்று தீர்த்தது. பாடநூல்கள் இதற்கு ஒதுக்குவது பெரும்பாலும் சில வரிகளே. அவ்வரிகளை முதலில் வாசித்து, பின்பு தீர்ப்பையும், மாறுபட்ட நீதிபதிகளின் கருத்துகளையும் வாசித்து, மீண்டும் அவ்வரிகளுக்குத் திரும்புக.

நூல்நிலையத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். புதுப்பதிப்பு வந்ததென்று ஓப்பன்ஹைமின் பழம்பதிப்புகளைக் கழித்துவிட வேண்டா. 1905, 1955, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதற் பாகங்களையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்தல் நலம். தனிமனிதரைப் பற்றிய பகுதியை மூன்றிலும் எடுத்து ஒப்பிட்டு எழுதுமாறு வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கலாம்.